சீசன் பெட்ரோல்

செங்கோட்டையில் சீசன் என்றால்
குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பொருள்.
என் பத்மினிக்கு அப்படியில்லை.
சித்திரைக்கு ஒரு நோய், ஆடிக்கு ஒரு நோய்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி.
எனக்குக் கடன்பட்டிருந்த பாத்திரக்கடை அண்ணாச்சி
பணமாகத் தராமல் சாவியாகத் தந்தார்.
அதிலிருந்து திங்கள்தோறும்
புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி,
ஆரியங்காவு இறங்கிப் புனலூர் போகிறேன்,
ஊரார் ரத்தத்தில் சர்க்கரை எண்ண.

சித்திரையில் பாதி ஏற்றத்தில் நின்றுவிடும்.
குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து
வராத ஏப்பம்போல் அடைத்துக்கொள்ளும்.
பம்பின் மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டு
காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் இருப்பதுபோல்
கட்டைச்சுவரில் உட்கார்ந்திருப்பேன்.
வைக்கோல் லாரிகள் ஹாரனடித்து
துக்கம் விசாரித்துப் போகும்.

சாரல் தொடங்கினால் கதையே வேறு.
விடியற்காலையில் இருமும்.
சோக்கை இழுத்தால் ஒருமுறை சிரித்துவிட்டு அணையும்.
டேங்கில் பாதி காற்று,
அந்தக் காற்றில் பாதி மழை.

ஆரியங்காவு தங்கச்சன் பிளக்கை மாற்றினான்.
காயிலை மாற்றினான்.
மூன்றாவது வாரம் என் நட்சத்திரம் கேட்டான்.
ராவுத்தர் வீட்டில் ஏதப்பா நட்சத்திரம் என்றேன்.
"அப்போ வயசுதான் ஜொகராம்மா. வண்டிக்கு வயசாயி."

எனக்கு நாற்பத்தெட்டு.
வயதைக் காரணம் சொல்லும் யாரையும்
நான் நம்புவதில்லை.

அடுத்த திங்கள்
லேபிலிருந்து அளவுக்குழாய் ஒன்றை எடுத்து வந்தேன்.
கழுவியதுதான்.
முன்பு அதில் என்ன இருந்தது என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்பது மில்லி பெட்ரோல்.
இருபது மில்லி தண்ணீர்.
மூடிக் குலுக்கி, போனட்டின் மேல் நிறுத்தினோம்.
ஷெட்டுத் தகரத்தில் மழை
தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது.
தெளிந்தபோது
கோடு இருபதில் இல்லை.
முப்பத்தாறில் இருந்தது.

"மிச்சம் பதினாறு எவிடுந்து?" என்றான்.
"சாராயம்," என்றேன். "கரும்பிலிருந்து இறக்கியது.
அஞ்சில் ஒரு பங்கு."
தங்கச்சன் குழாயை முகர்ந்தான்.
இத்தனை வாரத்தில் முதன்முறையாக
வண்டியை மரியாதையோடு பார்த்தான்.

பெட்ரோலோடு ஒன்றாய்க் கலந்து கிடக்கிற சாராயம்,
தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வந்ததும்
பழைய உறவை உதறிவிட்டு
தண்ணீரோடு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.
இதை வைத்து யாராவது ஒரு பழமொழி செய்யலாம்.
எனக்கு என் முதல் கணவர் ஞாபகம் வந்தார்.
அதையும் சொல்லவில்லை.

கார்புரேட்டரைத் திறந்தான்.
கிண்ணத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
ரப்பர் தகடு
மோரில் ஊறிய அப்பளமாய் உப்பிக் கிடந்தது.
புது ரப்பர் கொட்டாரக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்தது,
ஒரு சீப்பு நேந்திரங்காயோடு, ஏனென்று தெரியவில்லை.
ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகப் போட்டோம்.
சரக்கில் சத்துக் குறைந்தால்
அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.
தங்கச்சனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது மலை ஏறும் முன்பே
நம் பக்கத்து பங்கில், விலை குறைவென்று இறங்கிவந்த
கொல்லம் வண்டிகளுக்கு நடுவில் நின்று
விளிம்பு வரை நிரப்புகிறேன்.
ஈரம் வந்து உட்கார இடமே கொடுப்பதில்லை.
எஸ் வளைவில் இரண்டாம் கியர்,
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்கிறது,
போதும்.

சித்திரை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.
ஈரத்துண்டு பின்சீட்டில்தான் கிடக்கிறது.

அளவுக்குழாயை மட்டும்
தங்கச்சன் இன்னும் திருப்பித் தரவில்லை.
வருகிற வண்டிக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிறானாம்.
போன வாரம் ஒரு ஜீப்புக்குச்
சர்க்கரை வியாதி என்று
பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிட்டானாம்.